காற்றும் மழையும் ஓய்ந்த தை மாதம்: ஓடையோர உருளைக்கிழங்குக்குப் பனி ஆபத்து உண்டா?

கேள்வி: கந்தப்பளைப் பக்கத்தில், ஓடையோரப் பள்ளத்தில் அரை ஏக்கர் உருளைக்கிழங்கு இம்முறை சற்று முந்தியே நட்டேன்; இப்போது 40 நாட்களாகின்றன. அதற்கு மேலுள்ள சரிவில் லீக்ஸும் இளந்தேயிலையும் நிற்கின்றன. அடுத்த சில நாட்களுக்கு மழையற்ற வானிலை நிலவும் என்றும், நுவரெலியா மாவட்டத்தில் சில இடங்களில் அதிகாலையில் துகள் உறைபனியை (புல்லிலும் இலையிலும் வெள்ளையாக உறையும் பனியை) எதிர்பார்க்கலாம் என்றும் வானொலியில் சொன்னார்கள். நகரத்தின் குறைந்தபட்ச வெப்பநிலை 5 பாகை என்கிறார்கள். 5 பாகையில் எப்படி உறையும்? இரவில் ஸ்பிரிங்ளர் போடலாமா? மண் அணைத்து யூரியா இடும் நாளும் வந்துவிட்டது, இப்போது இடலாமா?

பதில்:

அன்பின் நண்பருக்கு, அந்த 5 பாகை உங்கள் பயிரின் வெப்பநிலை அன்று. வளிமண்டலவியல் திணைக்களத்தின் வெப்பமானி, நிலத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் மீற்றர் உயரத்தில், காற்றோட்டமுள்ள வெண்ணிறப் பெட்டிக்குள் இருக்கிறது. தெளிந்த வானமும் அசையாத காற்றும் உள்ள இரவில் இலையும் மண்ணின் மேற்பரப்பும் தம் வெப்பத்தை நேரே வானுக்கு இழப்பதால், தரையை ஒட்டிய காற்று அந்தப் பெட்டிக்குள் இருப்பதைவிடப் பல பாகை கூடுதலாகக் குளிர்ந்துவிடும். ஆகவே பெட்டிக்குள் 4, 5 பாகை காட்டும் அதே விடியற்காலையில் தரையிலுள்ள இலை உறைநிலைக்குக் கீழே போயிருக்கக்கூடும்.

வடகீழ்ப் பருவக்காற்று வலுவாக வீசும் நாட்களில் உங்கள் பகுதிக்கு முகிலும் தூறலும் வந்துகொண்டிருக்கும். முகில் இரவில் நிலத்தின் வெப்பத்தைத் திருப்பியனுப்பும். காற்றோ மேலிருக்கும் சற்று வெதுவெதுப்பான காற்றைக் கீழே கலக்கிவிடும். அந்தப் பருவக்காற்று தளர்ந்து, வறண்ட காற்று நம் மலைகளின் மேல் வந்து நிற்கும்போது இவ்விரண்டு காப்பும் ஒருசேர நீங்கிவிடுகின்றன. அறிவிப்பில் ‘சீரான வானிலை’ என்று கேட்டதும் பலர் நிம்மதியடைகிறார்கள். டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து பெப்ரவரி முடியும் வரை, நம் உயரத்தில் உள்ளவர்கள் அந்த அறிவிப்பைக் கேட்டால்தான் எச்சரிக்கையாக வேண்டும் என்பது என் எண்ணம். வங்காள விரிகுடாவில் தாழமுக்கமோ அலைவடிவக் குழப்பமோ உருவாகி முகில் திரும்பினால் மழையின் தொல்லை வரும். ஆனால் பனிக் கவலை அன்றிரவே போய்விடும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நம்மவர்கள் சொல்வது வேறு ஊர்க் குளிரை வைத்துச் சொன்னதாக இருக்கலாம். ஆனாலும் தை முடிந்ததும் ஆபத்து முடிந்தது என்று எண்ணாமலிருக்க அது உதவும்.

இனி உங்கள் நிலத்துக்கு வருவோம். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். எனவே மேலே நிற்கும் லீக்ஸுக்கும் கீழே நிற்கும் உருளைக்கிழங்குக்கும் இடையே ஒரே இரவில் சில பாகை வேறுபாடு இருக்கலாம். லீக்ஸ் குளிரை நன்றாகத் தாங்கும். உருளைக்கிழங்கு இலையோ உறைநிலைக்குக் கீழே ஒன்றிரண்டு பாகை இறங்கியதும் கருகிவிடும். உங்கள் வயலின் கீழ் ஓரத்தில், ஓடைக் கரையில், மானாப்புல்லோ புதரோ அடர்ந்து நின்றால், அது தேங்கும் குளிர்காற்றுக்கு அணையாகிவிடும். அதை இந்த வாரமே இரண்டு மூன்று இடங்களில் அகலமாக வெட்டி வழிவிடுங்கள். மாறாக, வயலின் மேல் ஓரத்தில் வேலி அடர்த்தியாக இருப்பது நல்லது. மேலிருந்து வரும் குளிர்காற்றை அது பக்கவாட்டில் திருப்பிவிடும். செலவில்லாத இந்த வேலையைச் செய்யாமல் மோட்டாருக்கு எரிபொருள் வாங்குபவர்களையே நான் அதிகம் காண்கிறேன்.

இன்றிரவு உறையுமா என்பதை உங்கள் வயலே பிற்பகலில் சொல்லும். காயப்போட்ட துணி வழக்கத்தைவிட விரைவாக உலர்ந்து, மாலையில் காற்று முற்றாக நின்று, இருட்டியதும் மூடுபனியில்லாமல் நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிந்தால் ஆயத்தமாகிவிடுங்கள். இரவில் மூடுபனி இறங்கினாலோ, முன்னிரவிலேயே இலைகளில் கனமாகப் பனித்துளி கட்டினாலோ, வெப்பம் இறங்கும் வேகம் குறையும். காற்று மிகவும் வறண்ட இரவில் இன்னோர் ஏமாற்றமும் உண்டு: வெள்ளைப் படலம் எதுவும் தெரியாமலே இலை உறைந்து, சூரியன் ஏறிய பின் வெந்ததுபோல் கருமையாகித் தொங்கும். விலை குறைந்த ஒரு வெப்பமானியை வயலின் மிகத் தாழ்ந்த மூலையில், பயிரின் உயரத்தில் ஒரு குச்சியில் கட்டிவைத்தால், நகரத்து அறிவிப்புக்கும் உங்கள் பள்ளத்துக்கும் எவ்வளவு வேறுபாடு என்பது சில நாட்களிலேயே பிடிபட்டுவிடும்.

தண்ணீர் விடலாமா என்பதற்கு இரண்டு பதில்கள் உள்ளன. பகலில் மண்ணுக்கு விடுவதற்குத் தயக்கமே வேண்டாம். ஓர் அடி ஆழம் வரை ஈரமாக உள்ள, களையற்ற, இறுகிய மண், பகல் வெயிலைச் சேர்த்துவைத்து இரவில் மெல்ல விடும். உலர்ந்து பொலபொலவென்று இருக்கும் மண்ணால் அது முடியாது. குளிர் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பாக, முற்பகலில் பாய்ச்சுங்கள். மாலையில் இலை நனையப் பாய்ச்ச வேண்டாம்.

இரவில் ஸ்பிரிங்ளர் போடுவது வேறு கணக்கு. ஒரு கிராம் நீர் உறையும்போது ஏறக்குறைய 80 கலோரி வெப்பம் வெளிவருகிறது. அந்த வெப்பமே இலையை உறைநிலையில் தாங்கிப் பிடிக்கிறது. ஆனால் அதே ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 600 கலோரியை இலையிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆகவே தெளிப்பு இடையில் நின்றால், தொடங்காமலே இருந்ததைவிட நட்டம் பெரிதாகும். பயிர் உயரத்து வெப்பமானி 2 பாகைக்கு வந்ததும், காற்று மிக வறண்டிருந்தால் 3 பாகையிலேயே தொடங்கி, காலை வெயிலில் பனிக்கட்டி முழுதும் உருகும் வரை இடைவிடாமல் தெளிக்க வேண்டும். மணிக்கு 3 மில்லிமீற்றர் என்று வைத்தாலும் அரை ஏக்கருக்கு மணிக்கு ஏறக்குறைய 6,000 லீற்றர். நள்ளிரவிலிருந்து காலை 8 மணி வரை 48,000 லீற்றர். வறண்ட காலத்து ஓடையில் அவ்வளவு எடுத்தால் கீழே உள்ளவர்களுக்கு என்ன மிஞ்சும் என்பதையும் பார்க்க வேண்டும். என் ஆலோசனை, மிகத் தாழ்ந்த 20 பேர்ச்சுக்கு (உங்கள் அரை ஏக்கரில் கால் பங்குக்கு) மட்டும் ஸ்பிரிங்ளர் வையுங்கள். அதற்கு மணிக்கு 1,500 லீற்றர் போதும். மற்றப் பகுதியில், முடிந்த அளவு பாத்திகளை மாலை 4 மணியளவில், மண்ணின் வெப்பம் போவதற்கு முன்பே, வைக்கோலாலோ பழைய சாக்காலோ மூடி, காலையில் பனி விட்ட பின் எடுத்துவிடுங்கள். பொலித்தீன் இலையைத் தொட்டால், தொட்ட இடம் கருகும். குச்சி நட்டு உயர்த்திப் போட வேண்டும்.

வெயில் ஏறுமுன் குழாயால் பனியைக் கழுவிவிடும் வழக்கம் நம் பகுதியில் உண்டு. ஓடை நீர் விடியற்காலைக் காற்றைவிட வெதுவெதுப்பானது. இலையின் மேல் மட்டும் படிந்த பனிக்கு அது உதவும். இலைக்குள்ளேயே நீர் உறைந்திருந்தால் கழுவியும் பயனில்லை. குப்பை எரித்துப் புகை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் புகை நிலம் இழக்கும் வெப்பத்தைத் தடுப்பதில்லை.

மண் அணைப்பதையும் யூரியாவையும் இந்த வறண்ட குளிர் விலகும் வரை தள்ளிப்போடுங்கள். புதிதாகக் கொத்திய மண் வெப்பத்தைச் சேர்க்காது. யூரியா தரும் இளந்தளிரே முதலில் கருகும். சில நாள் தாமதத்தால் வரும் குறை, தளிர் முழுதும் கருகுவதைவிடச் சிறியது. இளந்தேயிலைக்கு இட்ட மூடாக்கைச் சரிவில் அப்படியே விடலாம், ஏனென்றால் அங்கே வறட்சிதான் பெரிய கவலை. சரிவின் அடியில் உள்ள கடைசி வரிசைகளில் மட்டும், மண்ணின் வெப்பம் செடிக்கு வருவதை அது தடுக்கும் என்பதால், செடியைச் சுற்றி விலக்கிவிடுங்கள்.

அப்படியும் இலை கருகிவிட்டால் அன்றே வெட்டவோ பிடுங்கவோ வேண்டாம். உருளைக்கிழங்கின் தண்டு அடிப்பகுதியில் உயிரோடிருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் புதுத் தளிர் தெரியும். அதைக் கண்ட பின் யூரியாவைப் பாதி அளவில் இட்டு மண் அணைக்கலாம். தேயிலையிலும் கருகிய கிளையை உடனே கவ்வாத்துச் செய்தால் அடுத்த பனி புதுத் தளிரைப் பிடிக்கும். மார்ச் மாதத்து இடிமழை தொடங்கியதும், உயிருள்ள பகுதி எதுவரை என்று பார்த்து வெட்டுங்கள். கருகிய இலைகள் நிற்கும்போது முகிலும் தூறலும் திரும்பினால், ஈரத்தில் வேகமாகப் பரவி உருளைக்கிழங்கு இலையை அழிக்கும் பிந்திய வெளிறல் நோய்க்கான மருந்து தெளிப்பதை அந்த வாரத்தில் தவறவிடாதீர்கள்.