கோழிக்கூட்டுக்குக் கள்ளன் கூரையால்தான் வருகிறான்

கேள்வி: திருகோணமலைக் குச்சவெளியில் கடலிலிருந்து 200 மீற்றர் தள்ளி எங்கள் வளவு. மணல் நிலம். 12 ஊர்க்கோழிப் பேடுகளும் ஒரு சேவலும் நிற்கின்றன. போன மாதம் இரவில் கீரி வந்து கூட்டுக்குள் இரண்டு பேடுகளைக் கொன்றுவிட்டது. கம்பி வலையும் இரண்டு வருடத்தில் துருப்பிடித்து உதிர்ந்துபோயிற்று. மாரிக்கு முன் 10 அடி நீளம், 5 அடி அகலத்தில், வீட்டின் கிழக்குச் சுவரோடு ஒட்டி, நாலு பக்கமும் சீமெந்துக் கல்லால் அடைத்துக் கட்டலாம் என்றிருக்கிறேன். சரியா ஐயா?

பதில்: அளவு சரி, தம்பி. 13 கோழிக்கு 50 சதுர அடி என்றால் ஒன்றுக்கு ஏறக்குறைய 4 சதுர அடி. பகலில் வளவில் மேயும் கோழிக்கு அது தாராளம். ஆனால் இடத்தையும் அடைப்பையும் மாற்றத்தான் வேண்டும்.

முதலில் அந்தக் கீரி. கீரி பகலில் திரியும் பிராணி. பகலில் குஞ்சைத் தூக்கியிருந்தால் கீரி என்று நானும் சொல்வேன். இரவில் பேட்டைக் கொன்றது பெரும்பாலும் மரநாய்தான். அது நிலத்தைத் தோண்டி வராது. முருங்கையிலோ மதிலிலோ ஏறி, கூரைக்கும் சுவருக்கும் இடையில் உள்ள நீக்கலால் இறங்கும். கீழே எத்தனை வரி கல் வைத்தாலும் மேலே அந்த நீக்கல் இருந்தால் வேலை வீண்.

அப்படியென்றால் நீக்கலையும் அடைத்துவிடுகிறேன் என்பீர்கள். அங்கேதான் நானும் ஒருகாலம் பிழைவிட்டேன். மழைக்குப் பயந்து நாலு பக்கமும் பலகை அடித்தேன். ஒரு கிழமைக்குள் உள்ளே போனாலே கண் எரிந்தது. எச்சத்தின் ஈரத்திலிருந்து கிளம்பும் அமோனியாதான் அது. கோழிகளுக்குச் சளி, இளைப்பு. மூன்று செத்தும் போயின. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். கச்சான் என்ற வெப்பக் காற்று அடிக்கும் காலத்தில் அடைத்த கூட்டில் அதுவும் பலிக்காது. ஆகவே காற்று போகட்டும், மரநாய் போகக்கூடாது. அரை அங்குலக் கண்ணுள்ள, கம்பிகளைப் பற்றவைத்த (வெல்டிங்) வலையைக் கூரை வரை ஏற்றி அடியுங்கள். அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், கள்ளனை வெளியே வைத்திருக்காது.

எந்தப் பக்கம் திறப்பது, எந்தப் பக்கம் அடைப்பது? திருகோணமலையில் மாரி மழை வடகிழக்கிலிருந்து சாய்வாக அடிக்கும். கச்சான் தென்மேற்கிலிருந்து வரும். வீட்டுக்குக் கிழக்கே கூடு கட்டினால் மழை நேரே அடிக்கும், காற்றை வீடு மறித்துவிடும். வீட்டிலிருந்து விலக்கி, நீளப் பக்கம் கிழக்கு மேற்காகப் படுக்கும்படி வையுங்கள். கிழக்கிலும் மேற்கிலும் கல் சுவர், கூரைக்குக் கீழே ஓர் அடி மட்டும் வலை. தெற்கில் ஒன்றரை அடிச் சுவர், மேலே முழுக்க வலை. வடக்கும் அப்படியே; ஆனால் மழைநாளில் இறக்கிவிட ஒரு தரப்பாள் சுருட்டித் தொங்கட்டும். கூரை விளிம்பு இரண்டரை அடி வெளியே நீளட்டும். கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளியிருக்கட்டும். மணலில் எச்சத் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும்.

வலையை ஓர் அடி மண்ணுக்குள் புதைக்கச் சொல்வார்கள். உப்புக்காற்றும் ஈர மணலும் உள்ள உங்கள் நிலத்துக்கு அது ஒத்துவராது. வலை முதலில் இற்றுப்போவதே மணல் தொடும் இடத்தில்தான். இரண்டு வரி கல்லை நிலத்துக்குள் இறக்குங்கள், வலை கல்லுக்கு மேலே தொடங்கட்டும். பிளாஸ்டிக் பூசிய வலைக்கு விலை கூட, கடற்கரையில் அந்தக் காசு வீண்போகாது. பகலில் மேயும் இடத்துக்கு மேலே பழைய மீன்வலையை விரித்துக் கட்டினால் பருந்தும் காகமும் குஞ்சை எடுக்காது. பக்கத்தில் மட்டும் மீன்வலை கட்டாதீர்கள். கோழியின் காலும் சிக்கும், பாம்பும் சிக்கும்.

நிலத்தை வளவு மட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, சீமெந்து பூசி, மேலே 3 அங்குலம் உமி. தம்பலகாமம், கந்தளாய் ஆலைகளில் உமி கிடைக்கும். உமி ஈரம் குடிப்பது குறைவு, மாரியில் மரத்தூளும் கலந்து, அடிக்கடி கிளறுங்கள். கையில் பிடித்தால் கட்டியாக நின்றால் மாற்றிவிட வேண்டும்; ஈர உமியில்தான் இரத்தக் கழிச்சல் தொடங்கும்.

கூரைக்குத் தகரம் போதும். சித்திரையில் அதன்மேல் கிடுகு பரப்பி, மழைக்கு முன் எடுத்துவிடுங்கள். ஈரக் கிடுகு கிடந்தால் தகரம் துருவேறும். கூரையைத் தாங்கும் வளைகளைக் கம்பி போட்டுச் சுவரோடு இறுக்குங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் உங்கள் பக்கத்துக் கரையால்தானே ஏறியது? ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரமும் வேண்டும். குனிந்து கூட்ட வேண்டிய கூட்டை ஒருவரும் கூட்டமாட்டார்கள்.

உள்ளே தூங்க 2 அங்குல அகலச் சட்டம், விளிம்பு மழுக்கி, இரண்டரை அடி உயரத்தில். கோழிக்கு 8 அங்குலம் என்றால் 10 அடிச் சட்டம் ஒன்றே போதும். அதைவிடத் தாழ்வாக, ஓர் அடிச் சதுரத்தில் மூன்று முட்டைப் பெட்டிகள். சட்டத்தின் வெடிப்புகளில் பகலில் செள் என்ற சிறு பூச்சி ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும். அதனால் ஆணி அடிக்காமல் கழற்றி வெயிலில் போடும்படி வையுங்கள். ராணிக்கெட் என்ற கோழி நோய்க்கான தடுப்பு மருந்தைப் பற்றி அரச கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். அந்த நோயைக் கூடு தடுக்காது.

கட்டி முடித்த அன்றைக்கே கோழிகள் உள்ளே போகா. வழக்கம்போல முருங்கையில்தான் ஏறும். இருட்டியதும் பிடித்துக்கொண்டுபோய்ச் சட்டத்தில் வைத்து, நாலு நாள் வெளியே விடாமல், தீனியும் தண்ணீரும் உள்ளேயே கொடுங்கள். ஐந்தாம் நாள் திறந்துவிட்டால் பொழுதுபட அவையாகவே திரும்பி வரும்.