வாசகர் கேள்வி பதில்: சீனி வருத்தமும் கனடாப் பயணக் காப்புறுதியும்

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் முல்லைத்தீவு ஆஸ்பத்திரி கிளினிக்கில் மருந்து எடுக்கிறா. கனடாவிலுள்ள பிள்ளைகளிடம் பெற்றோர் நீண்டகாலம் போய் நிற்கக் கொடுக்கும் சுப்பர் விசாவில் அண்ணாவிடம் போக இருக்கிறா. போன மாதம் பிரஷர் குளிசையின் அளவைக் குறைத்திருக்கினம். வருத்தங்களைச் சொன்னால் காப்புறுதிக் காசு கூடும், சொல்லாமல் விடுங்கோ என்கிறார் முகவர். என்ன செய்யலாம்?
— வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: மறைக்கவே வேண்டாம். காசு கட்டும்போது பெரும்பாலும் யாரும் கிளினிக் கொப்பியைக் கேட்கமாட்டார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்து பில் கொடுக்கும்போதுதான் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். மறைத்தது தெரிந்தால் ஒப்பந்தமே செல்லாமல் போகலாம். பில் முழுவதும் அண்ணாவின் தலையில் விழும்.

சுப்பர் விசாவுக்கு ஆகக் குறைந்தது 1,00,000 கனடா டொலருக்கு, ஒரு வருடக் காப்புறுதி வேண்டும். ஏற்கெனவே உள்ள வருத்தங்களை விலக்கிய மலிவுத் திட்டங்களும் உண்டு. அவை விசாவுக்குப் போதும், அம்மாவுக்குப் போதாது.

வருத்தங்களைச் சேர்த்த திட்டத்திலும் ஒரு நிபந்தனை இருக்கும். காப்புறுதி தொடங்குமுன் குறித்த நாட்கள், பொதுவாக 90 அல்லது 180, வருத்தம் ஒரே நிலையில் இருந்திருக்கவேண்டும். புது மருந்து, புது அறிகுறி, முடிவு வராத பரிசோதனை, மருந்தின் அளவு மாற்றம் எதுவும் கூடாது. அளவைக் குறைத்தாலும் அது மாற்றம்தான். வருத்தம் சுகப்பட்டு வருகிறது என்று நினைத்துப் பலர் மாட்டுப்படுவது இதில்தான். ஆகவே குளிசை குறைத்த திகதியிலிருந்து எண்ணி, அந்த நாட்கள் கழிந்தபின் பயணத்தை வையுங்கள். காப்புறுதிக்காக மருந்தை மாற்றாமல் விடும்படி மட்டும் டொக்டரிடம் கேட்கவேண்டாம். காசு கட்டியபின், புறப்படுமுன் ஏதும் மாறினால் கம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

கிளினிக்கில் குளிசையைக் கடதாசி உறையில்தான் தருவார்கள். அதனால் டொக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எடுங்கள்: வருத்தங்கள், மருந்துகளின் பொதுப்பெயர் (கம்பனி வைத்த பெயரல்ல, generic name), மில்லிகிராம், கடைசியாக மாற்றிய திகதி. கொப்பியின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அண்ணாவுக்கு அனுப்பிவையுங்கள். விசா கிடைக்காவிட்டால் கட்டிய காசு திரும்ப வருமா என்பதையும் முதலே எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: மாதாந்த மருந்துச் செலவையும் காப்புறுதி கொடுக்குமா?
— வாசகர், மாங்குளம்

பதில்: பொதுவாகக் கொடுக்காது. அது திடீர் வருத்தத்துக்கும் விபத்துக்கும்தான். கனடாவுக்குச் சொந்தப் பாவனைக்கு 90 நாள் மருந்து வரை கொண்டுபோகலாம். அதற்குப் பிறகு அங்கே டொக்டருக்கும் மருந்துக்கும் கைக்காசுதான். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் அது உறைந்து பழுதாகலாம்.