அழைக்கப்பட்ட நிலைமையும் கேட்கப்பட்ட கூலியும்

கேள்வி: எங்கள் சபை நடத்தும் பள்ளியில் துப்புரவுப் பணி செய்கிறேன். ஊதிய உயர்வு கேட்டபோது, “அழைக்கப்பட்ட நிலைமையிலே நிலைத்திருக்கும்படி பவுல் சொல்லியிருக்கிறாரே” என்றார் மூப்பர் ஒருவர். கிறிஸ்துவுக்குள் சுயாதீனம் பெற்ற நான் அவருக்குக் கீழ்ப்படியத்தான் வேண்டுமா?

பதில்: மூப்பர் 1 கொரிந்தியர் 7-ஆம் அதிகாரத்தின் 20-ஆம் வசனத்தோடு வேதாகமத்தை மூடிவிட்டார் போலும். அடுத்த வசனத்திலேயே, அடிமையாயிருந்து அழைக்கப்பட்டவன் அதற்காகக் கவலைப்பட வேண்டாம் என்று தேற்றும் பவுல், சுயாதீனனாக வழி கிடைக்குமானால் அதை ஏற்றுக்கொள்ளவும் சொல்கிறார். 23-ஆம் வசனத்தில் மனுஷருக்கு அடிமைகளாகக் கூடாது என்று எச்சரிக்கவும் செய்கிறார். விருத்தசேதனம் பெற்றவனோ பெறாதவனோ, அடிமையோ சுயாதீனனோ, எவனும் தேவனிடத்தில் சேருவதற்காகத் தன் நிலையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்பதே அங்கே பேசப்படும் பொருள். கூலியைப் பற்றி அந்த அதிகாரத்தில் ஒரு சொல்லும் இல்லை.

பிறந்த நிலையிலேயே கிடப்பதுதான் கீழ்ப்படிதல் என்றால், தெற்குத் திருவிதாங்கூரில் மார்பை மறைக்கும் மேலாடையான தோள்சீலையை அணிந்ததற்காக அடிபட்ட, தங்கள் ஜெபாலயங்கள் எரிவதைக் கண்ட நாடார் கிறிஸ்தவப் பெண்களையெல்லாம் கீழ்ப்படியாதவர்கள் என்று சொல்ல வேண்டிவரும். 1829-இல் அரசு தோள்சீலையைத் தடுத்தது. மதராஸ் ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் வற்புறுத்திய பிறகே, 1859 ஜூலையில் மகாராஜா உத்திரம் திருநாள் மார்பை மறைக்க அனுமதித்தார், அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகள் நிறைந்த நம் சபைகளில், ‘நிலைமை’ என்பதை எடுத்துப் பேசுகிறவர் சற்று யோசித்துப் பேசுவது நல்லது.

ஆயினும் உங்கள் கேள்வியின் பிற்பகுதியை அப்படியே ஏற்பதற்கில்லை. கிறிஸ்தவன் எவருக்கும் கட்டுப்படாத எஜமான், அதே வேளையில் எல்லாருக்கும் ஊழியன் என்று 1520-இல் ஜெர்மானியச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் எழுதியதில் இரண்டு பாதியும் சேர்ந்தே நிற்கின்றன. (1525-இல் பண்ணையடிமைத்தனத்தை நீக்கக் கேட்ட விவசாயிகளை, சுயாதீனத்தை மாம்சத்துக்குரியதாக்குகிறீர்கள் என்று அவரே கடிந்துகொண்டார், அந்த இடத்தில் அவரைப் பின்பற்ற எனக்கு மனமில்லை.) ஆகவே, நியாயமான பணிக்கட்டளைக்குக் கீழ்ப்படியுங்கள், ஊதியக் குறைவைக் காரணம் காட்டி வகுப்பறையைப் பெருக்காமல் விடாதீர்கள். உயர்வுக்கான விண்ணப்பத்தை உடன் பணியாளர்களோடு சேர்ந்து எழுத்தில் கொடுங்கள். எஜமான்கள் வேலைக்காரருக்கு ‘நீதியும் செவ்வையுமானதை’ச் செய்யும்படி கட்டளையிடும் கொலோசெயர் 4:1-ஐ அதன் தலைப்பிலேயே எழுதலாம், மூப்பர் அந்த வசனத்தையும் வாசித்தாக வேண்டும்.