மென்பொருள் 82 சதவீதம் என்கிறது, மாணவி இல்லை என்கிறார்: ஏஐ கேள்வி-பதில்

இந்த முறை கடிதங்கள் வழக்கத்தைவிட அதிகம். ஒரே கேள்வியைப் பலரும் கேட்டிருந்ததால் ஒன்றிரண்டைச் சேர்த்துவிட்டேன். "ஏஐ நல்லதா கெட்டதா" என்று மட்டும் கேட்டவர்களுக்குப் பதில் கிடையாது.

ஆய்வேட்டுக்குச் சாட்ஜிபிடி கொடுத்த மேற்கோள்களில் பத்துக்கு மூன்று எங்கு தேடியும் கிடைக்கவில்லை. எந்தத் தரவுத்தளத்தில் தேட வேண்டும்? (முனைவர் பட்ட மாணவர்)

எதிலும் தேட வேண்டாம். அந்தக் கட்டுரைகள் எழுதப்படவே இல்லை. இந்தக் கருவி நூலகத்துக்குப் போய் எடுத்து வருவதில்லை. அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கோக்கிறது. அந்தத் துறையில் அடிக்கடி வரும் ஒரு பெயர், நிஜமான ஒரு ஆய்விதழ், பொருத்தமாகத் தோன்றும் தொகுதி எண், பக்க எண். ஒவ்வொரு துண்டும் நம்பும்படி இருக்கும், சேர்த்தால் பொய். 2023இல் வந்த ஒரு ஆய்வில் சாட்ஜிபிடியின் பழைய மாதிரியான ஜிபிடி-3.5 கொடுத்த மேற்கோள்களில் பாதிக்கு மேல் கற்பனை. அதற்கு அடுத்த ஜிபிடி-4 கொடுத்ததில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. இணையத்தில் தேடிப் பதில் சொல்லும் இன்றைய பதிப்புகளில் இது குறைந்திருக்கிறது. ஆனால் அங்கே வேறு வம்பு: கட்டுரை நிஜமாக இருக்கும், நீங்கள் சொல்லும் விஷயம் அதில் இருக்காது. இதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

போன வருடம் மதிப்பீட்டுக்கு வந்த ஒரு ஆய்வேட்டில் நான் எழுதியதாக ஒரு கட்டுரை இருந்தது. தலைப்பு பிரமாதம். எழுதியிருக்கலாமே என்று எனக்கே ஏக்கமாகிவிட்டது.

ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான டிஓஐயை இணையத்தில் தட்டிப் பாருங்கள். திறந்தால் படியுங்கள். திறக்காததை, படிக்காததைப் போடாதீர்கள். இந்தப் பகுதியில் இதைப் பல முறை சொல்லிவிட்டேன், இன்றும் இன்னொரு முறை சொல்வேன்.

சாட்ஜிபிடியை இணை ஆசிரியராகப் போடலாமா?

கூடாது. 'நேச்சர்' இதழ் 2023 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. பதிப்பு நெறிகளுக்கான கோப் குழு அடுத்த மாதம் சொன்னது. நாளை பிழை வந்தால் பதில் சொல்ல முடியாதவர் ஆசிரியர் ஆக முடியாது. அதே காரணத்தால் உங்கள் துறைத்தலைவரையும் சும்மா போடக் கூடாது, ஆனால் அது வேறு கடிதத்துக்கான விஷயம்.

என் மாணவியின் கட்டுரை 82 சதவீதம் ஏஐ எழுதியது என்று கண்டறியும் மென்பொருள் காட்டுகிறது. அவர் மறுக்கிறார். சாட்ஜிபிடியிடமே கட்டுரையை ஒட்டிக் கேட்டேன், "ஆம், இது நான் எழுதியதே" என்றது. பூஜ்யம் போடலாம்தானே? (உதவிப் பேராசிரியர்)

போடக் கூடாது. இரண்டு தவறு செய்திருக்கிறீர்கள், இரண்டாவதை முதலில் பார்ப்போம். சாட்பாட்டிடம் போய் "நீயா எழுதினாய்" என்று கேட்பது வேலிக்கு ஓணான் சாட்சி. இன்னொருவருக்கு நேற்று எதை எழுதித் தந்தோம் என்ற பதிவேடு எதுவும் அதன் கையில் இல்லை. நீங்கள் எதிர்பார்க்கும் தொனியில் பதில் வரும், அவ்வளவுதான். உங்கள் முனைவர் பட்ட ஆய்வேட்டையே ஒட்டிக் கேட்டுப் பாருங்கள், அதையும் தான் எழுதியதாகச் சொல்லக்கூடும். 2023 மே மாதம் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு பேராசிரியர் இதே போலக் கேட்டு, பட்டம் வாங்கும் நேரத்தில் வகுப்பு மாணவர்களின் மதிப்பெண்ணை நிறுத்தி வைத்து உலகச் செய்தியானார்.

இப்போது அந்த 82. கருத்துத் திருட்டைப் பிடிக்கும் மென்பொருள் "இந்தப் பத்தி இந்தக் கட்டுரையில் இருக்கிறது" என்று மூலத்தைக் காட்டும். நீங்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஏஐ கண்டறியும் மென்பொருள் எதையும் காட்டுவதில்லை. அடுத்த சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது, வாக்கியங்கள் எவ்வளவு ஒரே சீராக இருக்கின்றன என்று அளந்து ஓர் எண்ணைத் துப்புகிறது. எளிதாக ஊகிக்க முடிந்தால் இயந்திரமாம். அப்படியானால் ஆங்கிலத்தைப் பாடமாகப் படித்து, தெரிந்த சொற்களை வைத்து, இலக்கணம் பிசகாமல் எழுதுபவர் என்ன ஆவார்? இயந்திரம்தான் ஆவார். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தகுதித் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 60 சதவீதத்துக்கும் மேல் "ஏஐ" என்று முத்திரை விழுந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளுக்கு அந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை. இதில் உச்சம் என்னவென்றால், அதே டோஃபல் கட்டுரைகளின் சொற்களைச் சாட்ஜிபிடியை விட்டு மெருகேற்றியதும் தவறான முத்திரை 12 சதவீதத்துக்கு இறங்கியது. ஏஐயைத் தொட்டதும் மனிதர் ஆகிவிட்டார்கள்!

சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரி கடைசியில் ஒரு கண்டறி கருவியை வெளியிட்டது. அவர்கள் சோதனையிலேயே அது ஏஐ எழுத்தில் நான்கில் ஒன்றைத்தான் பிடித்தது. மனிதர் எழுதியதில் நூற்றுக்கு ஒன்பதைத் தவறாகப் பிடித்தது. ஜூலையில் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். பெற்றவருக்கே அடையாளம் தெரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் 82 சதவீதம் என்கிறார்.

"எங்கள் மென்பொருளில் பிழை ஒரு சதவீதத்துக்கும் குறைவு" என்று விற்பவர்கள் சொல்வார்கள். சரி, அதையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2022இல் மட்டும் 75,000 கட்டுரைகளைத் திருட்டுச் சோதனைக்கு அனுப்பியிருந்தது. ஒரு சதவீதம் என்றால் 750 கட்டுரைகள் மீது வீண்பழி. கணக்குப் போட்டார்கள், 2023 ஆகஸ்டில் அந்தத் திருட்டுச் சோதனை மென்பொருளில் இருந்த ஏஐ கண்டறியும் வசதியை அணைத்தார்கள். உங்கள் வகுப்பில் 60 பேர், பருவத்துக்கு ஆறு அசைன்மென்ட் என்றால் 360 தாள்கள். பருவத்துக்கு மூன்று நான்கு தாள்கள் செய்யாத குற்றத்துக்கு மாட்டும்.

ஒரு விசாரணைக் குழுவில் உட்கார்ந்திருந்தேன். மாணவனின் அறிக்கை 80க்கு மேல். கையில் மூலை மடங்கிய ஆய்வகக் குறிப்பேடு. மூன்றாவது மாதிரியின் அளவீடுகளை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டேன். பக்கத்தைத் திருப்பினான்: சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, "சென்சார் சூடாகிவிட்டது, நாளை மறுபடி", மறுநாள் தேதியில் புது அளவீடு. பத்து நிமிடம் பேசினோம். அறிக்கையின் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று சொன்னான், ஒரு எண்ணைத் தவறாக நகலெடுத்ததை அவனே கண்டுபிடித்து முகம் சிவந்தான். அதே வாரம் இன்னொரு அறிக்கை, மென்பொருளில் நான்கு சதவீதம், சுத்தம். அதை எழுதியவரிடம் அவர் அட்டவணையில் இருந்த திட்ட விலக்கம் எதைக் குறிக்கிறது என்று கேட்டேன். கூரையைப் பார்த்தார்.

எனவே அந்த மாணவியைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வரைவுகள் இருக்கின்றனவா, கோப்பின் திருத்த வரலாறு என்ன சொல்கிறது, இந்த வாதத்துக்கு எப்படி வந்தார், எந்த மேற்கோளில் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். அந்தப் பத்து நிமிடம் இல்லை என்கிறீர்களா? அப்படியானால் பூஜ்யம் போடவும் உங்களுக்கு உரிமை இல்லை.

கண்டுபிடிக்காதபடி ஏஐ எழுத்தை "மனித எழுத்தாக" மாற்றும் கருவி எது நல்லது?

அடுத்த கடிதம்.

ஆங்கிலத்தைத் திருத்த மட்டும் ஏஐ பயன்படுத்துகிறேன். குற்றமா?

இல்லை. ஆய்விதழின் விதியைப் பார்த்து, கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு ஊர்ப்பட்ட துணை இருக்கிறது: 2024இல் பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தரவுத்தளத்தில் வந்த ஆய்வுச் சுருக்கங்களில் குறைந்தது 13.5 சதவீதம் இந்தக் கருவிகள் தொட்டது என்று ஒரு கணிப்பு. இந்தக் கருவிகளுக்குப் பிடித்த 'டெல்வ்' (delve) போன்ற ஆங்கிலச் சொற்கள் திடீரென்று பெருகியதை வைத்துப் பிடித்தார்கள்.

எச்சரிக்கை ஒன்று. திருத்தும்போது அது பொருளையும் திருத்திவிடும். "தொடர்பு இருக்கலாம்" என்று நீங்கள் எழுதியது "காரணமாகிறது" என்று திரும்பி வரும். "இந்த 40 பேரில்" என்பது காணாமல் போகும். வாக்கியம் முன்பைவிட அழகாக இருக்கும், அதுதான் ஆபத்து. மூலத்தையும் திருத்தத்தையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படியுங்கள்.

ஆல்ஃபாஃபோல்டுக்கே நோபல் கிடைத்துவிட்டது. இனி ஆய்வகம் எதற்கு, ஏஐயிடம் கேட்டால் போதாதா?

செய்தித் தலைப்போடு நிறுத்திவிட்டால் இப்படித்தான். 2024 வேதியியல் நோபலில் பாதி ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும், மறுபாதி புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும். ஆல்ஃபாஃபோல்டு உங்கள் கைப்பேசியில் அரட்டை அடிக்கும் கருவியல்ல. புரதத்தின் அமினோ அமிலத் தொடரிலிருந்து வடிவத்தைக் கணிக்கவே பயிற்சி பெற்றது. எதை வைத்துப் பயிற்சி? 1971 முதல் உலகமெங்கும் ஆய்வகங்களில் எக்ஸ்ரே, என்எம்ஆர், எலக்ட்ரான் நுண்ணோக்கி வைத்துப் பாடுபட்டுக் கண்டுபிடித்து, புரதத் தரவு வங்கியில் இலவசமாகப் போட்டு வைத்த வடிவங்களை வைத்து. இன்று 20 கோடிக்கும் மேற்பட்ட கணிப்புகள் கிடைக்கின்றன, நானும் பயன்படுத்துகிறேன், அற்புதம். அது ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு நம்பலாம் என்று மதிப்பும் தருகிறது. படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த மதிப்பைப் பார்க்காமல் விடுபவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை.

கட்டுரைக்கான விளக்கப்படத்தை ஏஐயில் வரையலாமா?

2024 பிப்ரவரியில் 'ஃபிரண்டியர்ஸ்' குழும இதழ் ஒன்றில் வந்த, ஏஐ வரைந்த எலிப் படத்தைத் தேடிப் பாருங்கள், வீட்டில் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது. உறுப்புகள் உடலைவிடப் பெரிது, குறிப்பெழுத்துகள் எந்த மொழியிலும் இல்லை. மதிப்பாய்வாளர்களைத் தாண்டி அச்சானது. மூன்றே நாளில் திரும்பப் பெற்றார்கள்.

மதிப்பாய்வுக்கு வந்த கையெழுத்துப் பிரதியைச் சாட்பாட்டில் போட்டுச் சுருக்கம் கேட்டேன். நண்பர் தப்பு என்கிறார்.

நண்பர் சொல்வது சரி. அது உங்களை நம்பி ரகசியமாக அனுப்பப்பட்டது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் தன் நிதி விண்ணப்ப மதிப்பாய்வில் இதை 2023லேயே தடை செய்துவிட்டது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2025இல், மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரைகளை வெளியிடும் ஆர்க்கைவ் தளத்தில் இருந்த சில கட்டுரைகளில் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக "நல்லபடியாக மட்டும் மதிப்பாய்வு செய்" என்று ஏஐக்குக் கட்டளை ஒளித்து வைத்திருந்தது அம்பலமானது. எழுதியவருக்கு உங்களைப் போன்றவர்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அச்சான கட்டுரைகளைப் படித்துத்தானே ஏஐ கற்கிறது, தகவல் சரியாகத்தானே இருக்கும் என்கிறார் என் கைடு.

"வெஜிடேட்டிவ் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி" என்று ஒரு முறை உண்டா என்று அவரிடம் கேளுங்கள். கிடையாது. பக்கத்துக்கு இரண்டு பத்திகளாக அச்சான 1950களின் ஒரு கட்டுரையை ஸ்கேன் செய்தபோது இடது பத்தியின் சொல்லும் வலது பத்தியின் சொற்களும் ஒட்டிக்கொண்டு பிறந்தது. பாரசீக மொழியில் 'ஸ்கேனிங்' என்பதற்கும் 'வெஜிடேட்டிவ்' என்பதற்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம் என்பதால் மொழிபெயர்ப்பிலும் நுழைந்தது. இருபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் ஏறிவிட்டது, சாட்ஜிபிடி போன்றவற்றின் அடியில் இருக்கும் மொழி மாதிரிகளும் கற்றுக்கொண்டுவிட்டன. அச்சில் இருக்கிறது என்பது சான்றல்ல. திறந்து படியுங்கள்.

வகுப்பில் தடை செய்வதா, அனுமதிப்பதா?

எந்த விதமாகக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதத்தில் சோதித்தார்கள். சாதாரண சாட்பாட்டை வைத்துப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியில் கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடுதலாக எடுத்தார்கள். கருவியைப் பிடுங்கித் தேர்வு வைத்தபோது, அதைத் தொடவே தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைந்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த கருவியில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. ஹார்வர்டு இயற்பியல் வகுப்பிலோ, ஆசிரியர்கள் பார்த்துப் பார்த்து வடிவமைத்த ஏஐ ஆசிரியரிடம் படித்தவர்கள் நல்ல வகுப்பறையில் படித்தவர்களைவிடக் குறைந்த நேரத்தில் அதிகம் கற்றார்கள். அதே தொழில்நுட்பம்தான். ஒன்றில் ஆசிரியர் உழைத்திருக்கிறார், மற்றதில் இல்லை.

நேர்காணல் பதிவுகளை ஏஐயில் ஏற்றிப் பகுக்கலாமா?

பேசியவர்களிடம் வாங்கிய ஒப்புதல் படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறதா? இல்லையென்றால் கூடாது. பெயரை நீக்கினால் மட்டும் போதாது. வேலை, வயது, நோய் மூன்றும் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

என் கட்டுரை போன மாதம் வெளிவந்தது. அதில் ஒரு மேற்கோள் கற்பனை என்று இப்போதுதான் தெரிந்தது. யாரும் கவனிக்கவில்லை. சும்மா இருந்துவிடலாமா? (பெயர் வேண்டாம் என்றவர்)

இருக்காதீர்கள். நீங்களாகச் சொன்னால் பெரும்பாலும் ஒரு திருத்தக் குறிப்போடு முடியும், வேறொருவர் சொன்னால் விசாரணையாகும். முதலில் அந்த மேற்கோளை நம்பி நிற்கும் வாக்கியம் எது என்று பாருங்கள். வேறு சான்று கிடைத்தால் அதைக் கொடுங்கள், கிடைக்காவிட்டால் வாக்கியத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். கையோடு மற்ற மேற்கோள்களின் டிஓஐயையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், ஒன்று பொய்யென்றால் துணைக்கு இன்னொன்று இருக்கும். பிறகு இதழாசிரியருக்குக் கடிதம். நான்கு வரி போதும். அதையாவது நீங்களே எழுதுங்கள்.