பழைய தோட்ட எட்சிங்கில் தூரத்து மரம் மட்டும் மங்கலாக இருப்பது எப்படி?

இத்தாலிய ஓவியர் ஸ்டெஃபானோ டெல்லா பெல்லா 1650களில் வரைந்த, ஃபுளோரன்ஸ் அருகிலுள்ள பிரத்தோலினோ தோட்டத்தின் படங்களை வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். எட்சிங் என்பது செப்புத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, அந்தப் பள்ளங்களில் மை நிரப்பி அச்சிடும் முறை. மை ஒன்றுதான். மாறுவது கோட்டின் ஆழம்.

செப்புத் தகட்டில் மெழுகும் பிசினும் கலந்த பூச்சைத் தடவி, புகைகாட்டிக் கறுப்பாக்குவார்கள். ஊசியால் கீறிய இடத்தில் செம்பு பளிச்சென்று தெரியும். அமிலம் அங்கே மட்டும் அரிக்கும். கொஞ்ச நேரத்திலேயே தகட்டைக் கழுவி உலர்த்தி, தூரத்து மரக் கோடுகளை வார்னிஷ் பூசி அடைத்துவிட்டு, மறுபடி அமிலம். இப்படிப் பல சுற்று. கடைசிவரை அரிபடும் முன்புறப் பாறைதான் அதிக மை பிடிக்கும்.

நிழலில்தான் பெரும்பாலும் கெடும். கோடுகளை மிக நெருக்கிக் கீறினால் இடையிலுள்ள பூச்சு பெயர்ந்து, அந்த இடமே அகலமான பள்ளமாகிவிடும். தகட்டைத் துடைக்கும்போது பள்ளத்து மையும் போய், கன்னங்கரேலென்று வரவேண்டிய நிழல் சாம்பல் திட்டாக நிற்கும்.

இன்னொன்று: அச்சு இடவலம் மாறி விழும். ஓவியர் தகட்டிலேயே திருப்பி வரையாவிட்டால் இடப்பக்க நீரூற்று வலப்பக்கம் போய்விடும். தோட்டத்தின் பழைய அமைப்பைத் தேடுபவர்கள் இதை முதலில் சரிபார்க்க வேண்டும். பிரத்தோலினோவின் மெடிச்சி குடும்பத்து மாளிகை 1820களில் இடிக்கப்பட்டுவிட்டது. சிற்பி ஜாம்போலோன்யாவின் அப்பென்னினோ பூதச் சிலை இன்றும் நிற்கிறது. அதன் உயரம் 10 மீட்டருக்கும் மேல்.