எச்டிஆர் பனோரமா: வானமும் ஊரும் சேர்ந்து தெரிய

மொரிஷியஸின் போர்ட் லூயியில் உள்ள சிட்டாடல் கோட்டை மேலிருந்து மாலையில் துறைமுகத்தை அகலமாக எடுத்தால் வானம் வெளுக்கிறது, ஊர் இருள்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு எச்டிஆர் பனோரமா உதவும்: வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களை ஒன்றாக்குவது எச்டிஆர், பக்கத்துப் பக்கத்துப் படங்களை ஒட்டி அகலமாக்குவது பனோரமா. கேமராவை மேனுவலில் வையுங்கள். அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஃபோகஸ் எதுவும் மாறக்கூடாது, ஷட்டர் வேகம் மட்டும் மாறட்டும். ஒவ்வொரு திசைக்கும் -2 (இருட்டாக), 0 (சரியாக), +2 (வெளிச்சமாக) என மூன்று ரா (கேமரா சுருக்காமல் தரும் மூலக் கோப்பு) படங்கள். அடுத்த திசைக்குத் திரும்பும்போது முந்தையதில் மூன்றில் ஒரு பங்காவது இதிலும் வரவேண்டும், இதில் கஞ்சத்தனமே வேண்டாம்.

அடோபியின் படத்திருத்த மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் 2018-இல் வந்த 8.0 பதிப்பு முதல் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து எச்டிஆர் பனோரமா கொடுத்தால் நேராக ஒரே டிஎன்ஜி (ரா போலவே திருத்தக்கூடிய கோப்பு) கிடைக்கும். எல்லாத் திசைக்கும் படங்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கவேண்டும், ஒன்று குறைந்தாலும் சேராது.

படங்களுக்கு இடையில் கப்பல் நகர்ந்து, சேர்த்த படத்தில் அதன் உருவம் இரட்டையாக, மங்கலாகத் தெரிகிறதா? அப்போது ஒவ்வொரு திசையையும் தனித்தனியே எச்டிஆர் ஆக்கி, அங்கேயே டீகோஸ்ட் (அந்த இரட்டை உருவத்தை நீக்கும் வசதி) போட்டு, அப்புறம் ஒட்டுங்கள். காசில்லாமல் செய்ய ஹியூகின் இருக்கிறது, நல்ல மென்பொருள்.