மலைக்குள் ஒரு குள்ளர் நாடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மிகுபுனைவு நாவல் ஒன்று எழுதி வருகிறேன். குள்ளர்களின் தலைநகரம் மலைக்குள் இருக்கிறது. ஐயாயிரம் பேர், இரவு பகலாக எரியும் உலைகள். இவர்களுக்கு மூச்சுவிடக் காற்று எப்படி வரும்?
– வாசகர், திருச்சி

பதில்: அடிவாரத்தில் ஒரு வாசல், உச்சிக்குப் பக்கத்தில் ஒரு வாசல் வையுங்கள். இரண்டுக்கும் உயர வித்தியாசம் கூடக் கூடக் காற்றோட்டமும் கூடும். பாறைக்குள் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. பனிக்காலத்தில் வெளியே குளிர், உள்ளே கதகதப்பு. உள்காற்று லேசாகி மேல் வாசல் வழியே போய்விடும். கீழ் வாசல் புதுக் காற்றை இழுக்கும். கோடையில் இதே ஓட்டம் தலைகீழாகும்.

சிக்கல் இந்த இரண்டு பருவங்களுக்கும் நடுவில்தான். உள்ளும் புறமும் ஒரே வெப்பமாக இருக்கும் நாட்களில் காற்று அசையாமல் நின்றுவிடும். கரி உலையிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. முதலில் தலைவலி, பிறகு தள்ளாட்டம், மயக்கம், சாவு. எனவே உலைகளை ஊர் நடுவில் வைக்காதீர்கள். மேல் வாசலுக்கு ஏறும் புகைபோக்கியின் அடியில் வையுங்கள். அந்த நெருப்பே ஊரின் கெட்ட காற்றை இழுத்து மேலே தள்ளும். பழைய நிலக்கரிச் சுரங்கங்களில் இப்படித்தான் செய்தார்கள். உங்கள் குள்ளர்களுக்கு அந்த நெருப்பை அணையவிடாமல் காப்பது ராஜாவைக் காப்பதைவிடப் பெரிய வேலையாக இருக்க வேண்டும்.

கேள்வி: தூண்களே இல்லாத பிரம்மாண்ட மண்டபத்தைப் பாறையில் குடைய முடியுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: பாறை நல்லதாக இருந்தால் முடியும். நார்வேயின் யோவிக் நகரில் 1994 குளிர்கால ஒலிம்பிக்கின் ஐஸ் ஹாக்கிக்காக மலைக்குள் ஓர் அரங்கம் குடைந்தார்கள். அகலம் 61 மீட்டர், நீளம் 91, உயரம் 25. நடுவில் ஒரு தூண்கூட இல்லை. அங்கே நைஸ் என்னும் கடினப் பாறை. அதில் பக்கவாட்டு அழுத்தம் அதிகம் என்பதால் வளைந்த கூரை இறுகி நிற்கிறது. அதோடு கூரைக்குள் நீண்ட எஃகுக் கம்பிகளைச் செருகிப் பாறையைத் தைத்திருக்கிறார்கள். இரும்பு வேலை தெரிந்த குள்ளர்கள் இதைத் தாராளமாகச் செய்யலாம்.

திட்டமில்லாமல் குடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வீடனின் ஃபாலுன் செம்புச் சுரங்கம் சாட்சி. தாது கிடைத்த இடமெல்லாம் அறைகளை அகலப்படுத்தினார்கள். இடைச்சுவர்களும் தூண்களும் மெலிந்தன. 1687 ஜூனில் மொத்தமும் சரிந்து, ஏறத்தாழ நூறு மீட்டர் ஆழப் பள்ளமானது. நடுக்கோடைத் திருநாள் விடுமுறை என்பதால் யாரும் சாகவில்லை.

வெட்டிய கல்லை மறந்துவிடாதீர்கள். உடைந்த பாறை முன்பு இருந்ததைப் போல ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கும். யோவிக் அளவுக்கு ஒரு மண்டபம் என்றால் சுமார் 2 லட்சம் கன மீட்டர் கல் வெளியே குவியும். அந்தக் குன்றை எதிரி ஒற்றன் தூரத்திலிருந்தே பார்த்துவிடுவான். ‘ரகசிய நகரம்’ என்று எழுதும்போது இதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

கேள்வி: என் கதையில் குள்ளர்கள் காளான் வளர்த்தே வாழ்கிறார்கள். சரிதானே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சரிவராது. நூறு கிராம் பச்சைக் காளானில் 25 கலோரி அளவே இருக்கும். 2,200 கலோரிக்கு ஓர் ஆள் தினமும் 9 கிலோ காளான் தின்ன வேண்டும். சுத்தியல் அடிப்பவனுக்கு அதுவும் போதாது. தவிர, காளான் தானாக உணவை உண்டாக்காது. வைக்கோல், மரத்தூள், சாணம் என்று மக்கும் பொருள் தேவை; அதற்கு வெயில்பட்ட வயல் வேண்டும். தானியம் என்றால் ஆளுக்கு 650 கிராம் வீதம் ஐயாயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 டன். பள்ளத்தாக்கில் உழவர்களோடு ஒப்பந்தம் இல்லாமல் இந்த நாடு ஒரு குளிர்காலம் தாங்காது.

கரிக்கும் இதே கதை. பழைய முறை உலையில் ஒரு கிலோ இரும்புக்குச் சுமார் 10 கிலோ கரி. ஒரு கிலோ கரிக்குக் குறைந்தது 5 கிலோ விறகு. காடு யாருடையது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் போருக்கான காரணம் அங்கேயே கிடைக்கும்.

கேள்வி: எவ்வளவு ஆழம் போகலாம்?
– வாசகர், மதுரை

பதில்: ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் சூடு ஏறும். ஸ்விட்சர்லாந்தின் கோட்ஹார்ட் அடித்தள ரயில் சுரங்கத்துக்கு மேல் 2,300 மீட்டர் மலை இருக்கும் இடத்தில் பாறை 45 டிகிரியைத் தொட்டது. அதைவிட முந்திக்கொள்வது தண்ணீர். அடிவார வாசலுக்கு மேலே இருக்கும் ஊற்றுநீரை, ஆயிரம் அடிக்கு மூன்றடி சரிவுள்ள வடிகால் தானே வெளியேற்றிவிடும். அந்த மட்டத்துக்குக் கீழே தோண்டும் ஒவ்வொரு அடிக்கும் நாள் முழுக்க நீர் இறைக்க ஆள் வேண்டும். வீடுகளை மேலே வையுங்கள். கீழே சுரங்கம் மட்டும் போதும்.